ஐரோப்பாவில் பின்தங்கிய பிரதேசங்களும் வளர்ச்சி நிதியும்

ஏரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்குத் தலைமடை, கடைமடை என்னும் சொற்களை விளக்க வேண்டியதில்லை. ஏரி நிறைந்திருக்கும்போதே கடைமடை காய்ந்து கிடப்பதுண்டு. வாய்க்கால் தூர்ந்திருக்கலாம், மதகு பழுதுபட்டிருக்கலாம், நீரைப் பங்கிடும் முறையே தவறாக இருக்கலாம். காரணத்தை அறியாமல் ஏரியில் மேலும் நீரைத் தேக்குவதால் கடைமடை உழவனுக்குப் பயன் விளையாது. நாடுகளின் செல்வமும் பெரும்பாலும் இவ்வாறே பாய்கிறது. தலைநகரங்களும் துறைமுகங்களும் செழித்திருக்க, ஒதுக்கான மலைப் பகுதிகளும் எல்லைப்புற மாவட்டங்களும் வறண்டு நிற்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்காக ஐரோப்பிய நாடுகள் ஒன்றுசேர்ந்து அரை நூற்றாண்டாகப் பெரும் பொருளைச் செலவிட்டு வருகின்றன. அப்பொருள் எங்கே பயன் தந்தது, எங்கே தரவில்லை, அதனை மேலும் பயனுள்ளதாக்க வழி யாது என்பவற்றை இங்கே ஆராய்வோம். பின்தங்கிய மாவட்டங்களுக்கெனத் தனித் திட்டங்கள் வகுத்துச் செலவிடும் நாட்டில் வாழும் நமக்கும் இந்த ஆராய்ச்சி அயலார் விவகாரம் அன்று.

முதலில் ஓர் ஊரைப் பார்ப்போம். பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டின் தென் பகுதியில், நிலக்கரி மலைகளின் நடுவே எபு வேல் என்றொரு பள்ளத்தாக்கு நகரம் உள்ளது. அங்கிருந்த எஃகு ஆலை ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்றாக விளங்கிற்று. அவ்வட்டாரத்துச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2002-ஆம் ஆண்டில் எஃகு ஆலையும் மூடப்பட்டது. மேற்கு வேல்ஸும் பள்ளத்தாக்குகளும் அடங்கிய பகுதியை ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டிலேயே மிகவும் பின்தங்கிய பிரதேசங்களின் வரிசையில் சேர்த்து, மிக உயர்ந்த அளவில் உதவி வழங்கத் தொடங்கியிருந்தது. மலைச் சாலைகள் அகலப்படுத்தப்பட்டன. ஆலை இருந்த இடத்தில் கல்லூரி எழுந்தது. தொழிற்பயிற்சி வகுப்புகள் நடந்தன. ஐரோப்பிய நிதி செலவான இடங்களில் நீலக் கொடி பொறித்த பலகைகளும் நாட்டப்பட்டன.

ஒன்றியத்தில் பிரிட்டன் நீடிப்பதா, விலகுவதா என்று 2016 ஜூன் மாதத்தில் மக்களிடம் கேட்கப்பட்டது. எபு வேல் அடங்கிய பிளைனை குவெண்ட் வட்டாரத்தில் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 62 பேர் விலக வேண்டும் என்றே கூறினர். வேல்ஸ் முழுவதிலும் இதுவே மிக உயர்ந்த விகிதம். இம்முடிவுக்குப் பல காரணங்கள் உண்டு. வளர்ச்சி நிதி ஒன்றை மட்டும் வைத்து அதனை விளக்கிவிட முடியாது. ஆயினும் ஒரு செய்தி நம் கவனத்துக்கு உரியது. 2000, 2007, 2014 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய மூன்று திட்ட காலங்களிலும் இப்பிரதேசம் மிகவும் பின்தங்கியவற்றின் வரிசையிலேயே நின்றது. சாலை வந்தது, கட்டடம் வந்தது. ஆலை போனதால் போன வாழ்வு திரும்பி வரவில்லை. பலகையைக் கண்ட மக்கள் பயனைக் காணவில்லை. ஏன் இவ்வாறு ஆயிற்று?

இக்கேள்விக்கு விடை காண, இந்நிதி தோன்றிய வரலாற்றைச் சிறிது அறிய வேண்டும். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை நிறுவிய ரோம் உடன்படிக்கை 1957-ஆம் ஆண்டில் கையெழுத்தாயிற்று. பிரதேசங்களுக்கிடையே உள்ள வேற்றுமைகளைக் குறைக்க வேண்டும் என்று அதன் முகவுரையே கூறுகிறது. அப்போது சேர்ந்த ஆறு நாடுகளுள் இத்தாலிக்கே இதில் மிகுந்த அக்கறை இருந்தது. அந்நாட்டின் தென் பாதியை 'மெட்ஸோஜோர்னோ' என்பார்கள். நண்பகல் என்பது அச்சொல்லின் பொருள். வெயிலுக்குக் குறைவில்லாத அப்பகுதியில் தொழிலுக்குக் குறைவு இருந்தது. வேலை தேடி இலட்சக்கணக்கானோர் வடக்கே சென்றுகொண்டிருந்தனர்.

இக்குறையைப் போக்க இத்தாலிய அரசாங்கம் 1950-லேயே ஒரு தனி நிதியகத்தை நிறுவியிருந்தது. தொடக்கத்தில் அது நீர்ப்பாசனம், குடிநீர், சாலை ஆகிய பணிகளில் ஈடுபட்டு நற்பயன் விளைத்தது. பின்னர் பெருந் தொழிற்சாலைகளைத் தெற்கே கொண்டுபோய் நிறுத்தினால் அவற்றைச் சூழ்ந்து சிறு தொழில்கள் தாமாகவே முளைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. தொழிற்சாலைகள் எழுந்தன, சிறு தொழில்கள் எதிர்பார்த்த அளவு முளைக்கவில்லை. 'பாலைவனத்துத் தேவாலயங்கள்' என்று இத்தாலியர் அவற்றுக்குப் பெயரிட்டனர். கலாப்ரியா மாகாணத்து ஜோயா டவுரோ கதை இதற்கோர் எடுத்துக்காட்டு. 1970-ஐ ஒட்டி அம்மாகாணத்தில் பெருங் கலவரம் எழுந்தபோது, மக்களைச் சமாதானப்படுத்த அங்கே ஓர் எஃகு ஆலை அமைக்கப்படும் என்று அரசாங்கம் வாக்களித்தது. ஆரஞ்சுத் தோப்புகளும் ஒலிவத் தோப்புகளும் அழிக்கப்பட்டு ஆலைக்கென ஒரு துறைமுகம் வெட்டப்பட்டது. அதற்குள் உலகில் எஃகுக்குக் கிராக்கி குறைந்துவிட்டது, ஆலை வரவேயில்லை. வெட்டிய துறைமுகம் பல்லாண்டு வீணே கிடந்து, 1995-ஆம் ஆண்டில்தான் சரக்குப் பெட்டிகளைக் கப்பலுக்குக் கப்பல் மாற்றும் துறையாகப் பயன்படத் தொடங்கிற்று. ஊரின் தேவையை ஆராயாமல் தலைநகரில் எடுத்த முடிவுக்கு அவ்வூர் கொடுத்த விலை அது.

1973-ல் பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க் ஆகியவை சமூகத்தில் சேர்ந்தன. பழைய தொழில்கள் நலிந்த வட்டாரங்கள் பிரிட்டனில் பல இருந்தன. ஆகவே இத்தாலியோடு பிரிட்டனும் சேர்ந்து வற்புறுத்த, 1975-ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பிரதேச வளர்ச்சி நிதி பிறந்தது. மூன்றாண்டுகளுக்கு 130 கோடி கணக்கலகுகள் ஒதுக்கப்பட்டன. இத்தாலிக்கு நூற்றுக்கு 40, பிரிட்டனுக்கு 28, பிரான்ஸுக்கு 15 என்று நாட்டுவாரியாகப் பங்கு பிரித்துவிட்டார்கள். பங்கு முன்னரே நிச்சயமாகிவிட்டதால், எந்தத் திட்டம் சிறந்தது என்று ஆராயும் தேவை மிகுதியாக ஏற்படவில்லை. மேலும், வந்த தொகைக்குச் சமமாகத் தம் சொந்தச் செலவைக் குறைத்துக்கொள்ளவும் நாட்டு நிதியமைச்சகங்களுக்கு வசதி இருந்தது. ஒரு கையால் வாங்கியதை மறு கையால் கழித்துக்கொண்டால் கடைமடைக்கு வந்த நீர் எவ்வளவு?

இந்தப் பூசலுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் கூறலாம். சுரங்கங்கள் மூடப்பட்ட நிலக்கரி வட்டாரங்களுக்கென்று 1989-ன் இறுதியில் 'ரெஷார்' என்ற தனித் திட்டம் வகுக்கப்பட்டது. அதன்படி பிரிட்டனுக்கு உரிய தொகை, அந்த வட்டாரங்களுக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும் என்பதற்கு உறுதி இல்லை என்று கூறி, அப்போது பிரதேசக் கொள்கைப் பொறுப்பை வகித்த கமிஷன் உறுப்பினர் புரூஸ் மில்லன் பணத்தை நிறுத்தி வைத்தார். அவரே பிரிட்டனில் அமைச்சராக இருந்தவர். 1992-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் தன் கணக்கு முறையைத் திருத்திக்கொள்ள இசைந்த பிறகே பணம் விடுவிக்கப்பட்டது. பணம் கொடுத்தால் போதாது, அது வேறிடத்தில் குறைந்துவிடாமல் காக்கவும் வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று.

இதற்குள் 1988-ல் பெரியதொரு சீர்திருத்தம் செய்யப்பட்டிருந்தது. 1986-ல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் சமூகத்தில் சேர்ந்தன. சுங்கத் தடைகளும் பிற தடைகளும் நீங்கிய ஒரே சந்தை உருவாகும்போது வலிய பிரதேசங்கள் மேலும் வலுப்பெற்று, மெலிந்தவை மேலும் மெலியக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. கமிஷன் தலைவராக இருந்த ஜாக் டெலோர் காலத்தில் நிதி இரட்டிப்பாக்கப்பட்டதோடு நான்கு நெறிகளும் வகுக்கப்பட்டன. மிகவும் தேவையுள்ள இடங்களில் பணத்தைக் குவிப்பது முதலாவது. தனித்தனி வேலைகளுக்குப் பணம் தருவதை விடுத்து, பல்லாண்டுத் திட்டத்துக்குத் தருவது இரண்டாவது. மத்திய அரசாங்கத்தோடு பிரதேச அமைப்புகளையும் உள்ளூர் அமைப்புகளையும் பங்காளிகளாக்குவது மூன்றாவது. ஐரோப்பியப் பணம் நாட்டின் சொந்தச் செலவுக்கு மேலதிகமாகவே இருக்க வேண்டும் என்பது நான்காவது.

இந்த அடிப்படை பின்னரும் தொடர்ந்து வந்திருக்கிறது. தலைவீத உற்பத்தி ஒன்றியத்தின் சராசரியில் நூற்றுக்கு 75-க்குக் குறைந்திருந்தால் அப்பிரதேசம் மிகவும் பின்தங்கியது எனக் கொள்ளப்படுகிறது. 2021 முதல் 2027 வரையிலான திட்ட காலத்துக்கு ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 39,200 கோடி யூரோ. ஒன்றியத்தின் வரவு செலவுத் திட்டத்தில் இது சுமார் மூன்றில் ஒரு பங்காகும். இதனோடு நாடுகளும் தம் பங்கைச் சேர்க்க வேண்டும். திட்டத்தின் வரம்புகளைப் பிரஸ்ஸல்ஸ் நகரத்துக் கமிஷன் ஒப்புக்கொள்கிறது. எந்தச் சாலை, எந்தப் பள்ளி, எந்தத் தொழிலுக்கு உதவி என்பவற்றை நாடோ பிரதேசமோ தேர்ந்தெடுக்கிறது.

இம்முயற்சி நற்பயன் விளைத்த இடங்களும் உண்டு. அயர்லாந்து 1973-ல் சமூகத்தில் சேர்ந்தபோது அதன் தலைவீத உற்பத்தி ஐரோப்பியச் சராசரியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே இருந்தது. 1989 முதல் 1999 வரை நாடு முழுவதுமே பின்தங்கிய பிரதேசமாகக் கருதப்பட்டு உதவி பெற்றது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது சராசரியை எட்டிக் கடந்தும் சென்றது. அங்குள்ள அந்நியக் கம்பெனிகளின் இலாபத்தால் உற்பத்திக் கணக்கு பெரிதாகத் தோன்றுகிறது என்பது உண்மையே. குறைந்த வரியும் ஆங்கில மொழியும் துணை செய்தன என்பதும் உண்மையே. எனினும் வந்த நிதியில் கணிசமான பகுதியைத் தொழிற்கல்விக்கும் மனிதத் திறமைக்கும் அந்நாடு செலவிட்டது நினைவு கூரத் தக்கது. கம்பெனிகள் வந்தபோது வேலைக்கு ஏற்ற இளைஞர் அங்கே ஆயத்தமாக இருந்தனர்.

போலந்து மற்றோர் எடுத்துக்காட்டு. 2004-ல் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, விலைவாசி வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு பார்த்தாலும், அதன் தலைவீத உற்பத்தி சராசரியில் ஏறக்குறையப் பாதியாகவே இருந்தது. இருபது ஆண்டுகளுக்குள் அது நூற்றுக்கு 80-ஐ ஒட்டி உயர்ந்துவிட்டது. இதற்கும் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று அதிகமாகப் பேசப்படுவதில்லை. ஒன்றியத்தில் சேர்வதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1999-ல், போலந்து தன் 49 சிறு மாகாணங்களை 16 பெரிய மாகாணங்களாகத் திருத்தியமைத்து, ஒவ்வொன்றுக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த சபையைத் தந்தது. தொடக்கத்தில் திட்டத்தை மத்திய அரசாங்கமே நடத்திற்று; மாகாணங்கள் பழகிக்கொண்டன. 2007 முதல் ஒவ்வொரு மாகாணமும் தன் திட்டத்தைத் தானே நடத்திற்று. நீர் வருமுன் வாய்க்காலைச் செப்பனிட்ட செயல் இது.

எதிர்ப்பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம். ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2014-ல் ஐந்து நாடுகளில் ஐரோப்பிய உதவி பெற்ற 20 விமான நிலையங்களைச் சோதித்தது. அவற்றில் பாதியில்தான் பயணிகளின் எண்ணிக்கை உயர்ந்திருந்தது. அருகருகே இரண்டு மூன்று நிலையங்கள் ஒரே மக்களை எதிர்பார்த்துக் கட்டப்பட்டிருந்ததையும் மன்றம் எடுத்துக் காட்டிற்று. வடமேற்குக் கிரேக்கத்தில் உள்ள காஸ்டோரியா நிலையத்துக்கு 2005 முதல் 2012 வரை வந்த வருவாய் 1,76,000 யூரோ. அதனைத் திறந்து வைத்திருக்க ஆன செலவோ 77 இலட்சம் யூரோ. கட்டியவர் யாரும் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடிவிடவில்லை. கணக்கு சரியாக இருக்கலாம். ரசீதுகள் ஒழுங்காக இருக்கலாம். விமானம் வருவதில்லை, அவ்வளவுதான்.

ஆராய்ச்சியாளர்களின் முடிவும் இதனையே சுட்டுகிறது. பெக்கர், எக்கர், வான் எர்லிக் என்னும் மூன்று பொருளாதார அறிஞர்கள் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மிகுதியாக உதவி பெற்ற பிரதேசங்களில் நூற்றுக்கு 30 அளவினதே அவ்வுதவியை விரைந்த வருமான வளர்ச்சியாக மாற்ற முடிந்தது என்று கண்டனர். கல்வித் தேர்ச்சி பெற்ற மக்களும் ஓரளவேனும் ஒழுங்கான நிர்வாகமும் உள்ள பிரதேசங்களே அவை. நல்ல நிர்வாகம் இல்லாத இடத்தில் நிதியை மேலும் மேலும் பெருக்கினாலும் பலன் அதே விகிதத்தில் பெருகுவதில்லை. இதில் ஒரு வேதனையும் அடங்கியிருக்கிறது. எந்தப் பிரதேசத்துக்கு உதவி மிகவும் தேவையோ, அதைப் பயன்படுத்தும் ஆற்றல் அந்தப் பிரதேசத்திலேயே மிகவும் குறைவாக இருக்கிறது.

இந்நிலையில், சிறிய பிரதேசம் ஒன்றில் திட்டத்தை நடத்தும் அதிகாரியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். அவர்மீது மூன்று கடமைகள் சுமத்தப்பட்டிருக்கின்றன. குறித்த காலத்துக்குள் செலவிட வேண்டும். பிழையின்றிக் கணக்குக் காட்ட வேண்டும். செலவினால் பிரதேசம் முன்னேற வேண்டும். மூன்றும் நியாயமானவையே. ஆனால் முதற் கடமையில் தவறினால் தண்டனை உண்டு. 2000-ல் தொடங்கிய திட்ட காலத்திலிருந்து, ஓர் ஆண்டுக்கு ஒதுக்கிய தொகையை அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் செலவிட்டுக் கணக்கு அனுப்பாவிட்டால் அத்தொகை கைவிட்டுப் போகும் என்பது விதி. 2014-க்குப் பின் தவணை மூன்றாண்டாக நீட்டப்பட்டது. இரண்டாவது கடமையில் தவறினாலும் தண்டனை உண்டு. ஒப்பந்தப் புள்ளிகளைக் கோரும் விதியில் சிறு பிழை நேர்ந்தாலும் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். மூன்றாவது கடமையில் தவறினாலோ, நெடுங்காலம் தண்டனை ஏதும் இருந்ததில்லை. சாலை போட்ட பிறகு தொழில் வந்ததா, பயிற்சி பெற்றவனுக்கு வேலை கிடைத்ததா என்பதற்காக எவரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

இம்மூன்றும் ஒன்றோடொன்று மோதும்போது அதிகாரி என்ன செய்வார்? வரைபடம் ஆயத்தமாக உள்ள வேலையைத் தேர்ந்தெடுப்பார். நகரச் சதுக்கத்துக்குக் கல் பாவுவது எளிது. ஒப்பந்தக்காரர் ஒருவர், பட்டியல் ஒன்று, ரசீது ஒன்று. நலிந்த தொழிலில் பழகிய ஐயாயிரம் பேருக்குப் புதுத் தொழிலைக் கற்பிப்பது அரிது. காலம் பிடிக்கும், பலர் நடுவில் நின்றுவிடுவார்கள், கணக்கும் சிக்கலாகும். திட்ட காலம் முடியும் தறுவாயில் பணம் மிஞ்சியிருந்தால், நாட்டின் சொந்தப் பணத்தில் ஏற்கெனவே செய்த வேலைகளையும் ஐரோப்பியக் கணக்கில் ஏற்றிவிடுவதுண்டு. புதுமை செய்ய விரும்பும் சிறு தொழிலாளியோ, நிரப்ப வேண்டிய படிவங்களைக் கண்டு அஞ்சி விலகிவிடுகிறான். படிவம் நிரப்புவதையே தொழிலாகக் கொண்ட ஆலோசகர்கள் செழிக்கிறார்கள். இதில் அதிகாரியைக் குறை கூறுவதற்கில்லை. எதற்குத் தண்டனை உண்டோ அதற்கு அவர் அஞ்சுகிறார். எதற்குத் தண்டனை இல்லையோ அது பின்னால் போகிறது. எபு வேல் மக்கள் கேட்ட கேள்வி இந்த மூன்றாவது கடமையைப் பற்றியதே.

ஐரோப்பாவின் அறிஞர்களும் ஆட்சியாளர்களும் இக்குறையை அறியாதவர்கள் அல்லர். இத்தாலியப் பொருளாதார அறிஞர் ஃபப்ரீட்ஸியோ பார்கா, கமிஷனின் வேண்டுகோளின்படி 2009-ல் ஓர் அறிக்கை அளித்தார். எல்லா ஊருக்கும் ஒரே மருந்து கொடுப்பது பயன்படாது, ஒவ்வோர் இடத்தின் அறிவையும் இயல்பையும் ஒட்டியே திட்டம் அமைய வேண்டும், நோக்கங்கள் சிலவாகவும் அளந்து பார்க்கக் கூடியனவாகவும் இருக்க வேண்டும் என்பன அவர் கருத்துகள். இவற்றுள் சில 2014-ல் தொடங்கிய காலத்தில் விதிகளாயின. பணம் பெறுமுன் நாடுகள் சில நிர்வாக ஏற்பாடுகளைச் செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. ஒவ்வொரு பிரதேசமும் தனக்கு இயல்பாக உள்ள தொழில் வலிமையைக் கண்டறிந்து அதிலேயே ஆராய்ச்சிப் பணத்தைச் செலுத்த வேண்டும் என்றும் கூறப்பட்டது. ஒதுக்கிய தொகையில் நூற்றுக்கு 6 பங்கை நிறுத்தி வைத்து, இடைக்கால இலக்கை எட்டியவற்றுக்கே தருவது என்ற ஏற்பாடும் வந்தது.

கடைசியாகக் கூறிய ஏற்பாட்டின் கதி கவனிக்கத் தக்கது. நிறுத்தி வைத்த தொகையில் மிகப் பெரும்பகுதி விடுவிக்கப்பட்டது. ஆனால் இலக்குகள் பெரும்பாலும் எவ்வளவு செலவாயிற்று, எத்தனை கிலோமீட்டர் போடப்பட்டது என்பவற்றையே அளந்தன. மக்கள் வாழ்வில் நேர்ந்த மாறுதலை அளந்தவை குறைவு. தணிக்கை மன்றமும் இதைக் குறிப்பிட்டிருக்கிறது. அளவுகோல் தவறானால் பரிசும் தவறான இடத்துக்கே போகிறது.

ஆட்சி நேர்மைக்கும் நிதிக்கும் முடிச்சிடும் முயற்சி மற்றொன்று. சட்டத்தின் ஆட்சி குலைந்து ஒன்றியத்தின் பணத்துக்கு ஆபத்து நேரும் நாட்டுக்கு நிதியை நிறுத்தலாம் என்று 2020-ல் விதி செய்யப்பட்டது. அவ்விதிப்படி 2022 டிசம்பரில் ஹங்கேரிக்கு உரிய 630 கோடி யூரோ நிறுத்தி வைக்கப்பட்டது. நிர்வாகம் கெட்டுப்போன இடத்தில் பணத்தைக் கொட்டுவது வீண் என்பது சரியே. ஆனால் தலைநகரில் ஆள்வோர் செய்த தவற்றுக்காகத் தொலைவில் உள்ள ஏழைக் கிராமம் வாடுவதும் நேரலாம். ஆகவே தண்டனை மட்டும் போதாது. நிர்வாகத்தை வளர்க்கவும் வழி வேண்டும்.

இப்போது வேறொரு விவாதம் எழுந்துள்ளது. 2028 முதல் 2034 வரையிலான காலத்துக்கு, உழவு, மீன்பிடித் தொழில், பிரதேச வளர்ச்சி முதலிய பலவற்றையும் சேர்த்து நாட்டுக்கு ஒரே திட்டமாக வகுக்கலாம் என்று கமிஷன் 2025 ஜூலையில் யோசனை கூறிற்று. இதற்கான தொகை ஏறத்தாழ 86,500 கோடி யூரோ. ரசீதைப் பார்த்துப் பணம் தருவதை விடுத்து, ஒப்புக்கொண்ட படிகளை நிறைவேற்றியதைப் பார்த்துப் பணம் தருவது அதன் முறை. ரசீதுக் கட்டுகள் குறையும் என்பது நன்மை. பிரதேசங்கள் இதைக் கண்டு அஞ்சுகின்றன. ஒரே திட்டமானால் அதைத் தலைநகரமே எழுதும், தாம் மீண்டும் கையேந்தி நிற்க நேரும் என்பது அவற்றின் கவலை. ஜோயா டவுரோவின் கதையை அறிந்தவர்கள் இக்கவலையை அற்பமென்று தள்ளிவிட மாட்டார்கள்.

இக்கவலையின் பின்னே மனிதர் பலர் இருக்கின்றனர். ஒருமைப்பாட்டுக் கொள்கையின் வருங்காலத்தைப் பற்றி 2024 பிப்ரவரியில் வெளியான வல்லுநர் குழுவின் அறிக்கைப்படி, 2000-ஆம் ஆண்டில் இருந்ததைவிடத் தலைவீத உற்பத்தி குறைந்துவிட்ட பிரதேசங்களில் 6 கோடிக்கு மேற்பட்ட ஐரோப்பியர் வாழ்கின்றனர். வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்ட பிரதேசங்களில் மேலும் 7.5 கோடி மக்கள் உள்ளனர். அக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் அந்திரேஸ் ரொட்ரீகஸ்-போஸே என்னும் அறிஞர். தம்மை யாரும் பொருட்படுத்தவில்லை என்று எண்ணும் ஊர்கள் வாக்குப் பெட்டியின் மூலம் தம் கோபத்தைக் காட்டுகின்றன என்று அவர் 2018-லேயே எழுதியிருந்தார். இவ்வூர்களில் பல பரம ஏழை ஊர்கள் அல்ல. நேற்று நன்றாக இருந்து இன்று தேய்ந்துவருபவை. நூற்றுக்கு 75 என்ற எல்லைக்கோடு இவர்களுடைய துயரத்தை முழுவதும் காட்டுவதில்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, நிதியின் பயனைப் பெருக்கச் சில வழிகள் தெளிவாகின்றன. முதலாவது, மூன்றாவது கடமைக்கு மற்ற இரண்டுக்கும் உள்ள மதிப்பைத் தரவேண்டும். பயிற்சி எத்தனை பேருக்கு என்பதோடு, ஓராண்டுக்குப் பின் வேலையில் இருப்போர் எத்தனை பேர் என்பதையும் கேட்க வேண்டும். இரண்டாவது, கட்டடத்துக்குச் செலவிடுமுன் நிர்வாகத்துக்குச் செலவிட வேண்டும். திறமையுள்ள பொறியாளரும் கணக்கரும் திட்டம் வகுப்போரும் சிறு நகராட்சியில் நிலைத்திருக்கும்படி செய்வதும் வளர்ச்சிப் பணியே. மூன்றாவது, கட்டியதைப் பேணும் செலவை யார் ஏற்பார் என்று தெரியாமல் எதையும் கட்டக்கூடாது. நான்காவது, சிறு உதவிகளுக்குச் சிக்கலான கணக்கு கேட்பதை விடுத்து, இன்ன வேலைக்கு இன்ன தொகை என்று முன்னரே நிச்சயிக்கும் முறையை விரிவாக்க வேண்டும்; இம்முறை ஏற்கெனவே வழக்கில் உள்ளது.

ஐந்தாவது வழியே நம் கருத்தில் தலையாயது. பணம் யாருக்காகச் செலவிடப்படுகிறதோ அவர்களுக்கு அதில் வாயும் கண்ணும் இருக்க வேண்டும். கிராமப்புறங்களில் உள்ளூர்க் குழுக்களே திட்டம் வகுக்கும் 'லீடர்' என்னும் முறை 1991 முதல் நடந்துவருகிறது. தொகை சிறிது, ஊரார் பங்கு பெரிது. இத்தாலியில் பார்கா அமைச்சராக இருந்தபோது, 2012-ல், ஐரோப்பிய நிதியும் நாட்டு நிதியும் கொண்டு நடைபெறும் ஒவ்வொரு வேலையின் செலவையும் நிலையையும் எவரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தம் ஊரில் நடக்கும் ஒரு வேலையைத் தேர்ந்துகொண்டு, கணக்கில் உள்ளதும் கண்ணெதிரே உள்ளதும் ஒன்றுதானா என்று நேரில் சென்று ஆராயும் வழக்கம் தொடங்கிற்று. பதினாறு வயது மாணவன் நகராட்சி அதிகாரியிடம் சென்று, "இந்த வேலை ஏன் நின்றுவிட்டது?" என்று கேட்கிறான். பிரஸ்ஸல்ஸிலிருந்து வரும் தணிக்கையாளர் ரசீதைக் கேட்பார். மாணவன் பயனைக் கேட்கிறான்.

ஐரோப்பாவின் ஐம்பதாண்டு அனுபவத்தில், ஏரி வற்றியதால் கடைமடை காய்ந்த இடங்கள் சிலவே; வாய்க்காலைப் பேணாததால் காய்ந்த இடங்களே மிகுதி. வாய்க்காலைப் பேணத் தலைமடையிலிருந்து ஆளனுப்பினால் மட்டும் போதாது. எந்த இடத்தில் உடைப்பு, எந்த இடத்தில் மேடு என்பதைக் கடைமடை உழவனே நன்கு அறிவான். திட்டம் வகுக்கும்போதே அவனை அழைத்துக் கேட்க வேண்டும்.